மூன்று தட்டும் பதினெட்டு டம்ளரும்

அவையின் நடுநாயகமாக வீற்றிருந்து, நேரம் மீறினால் அடிப்பதற்கென்று ஒரு மணியையும் முன்னால் வைத்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! நோயோடு நாளெல்லாம் மல்லுக்கட்டி, இன்று மாலை மட்டும் மேடையில் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே! இந்தச் சங்கத்தைத் தோளில் சுமப்பவரும், காலையிலிருந்து நாற்காலிகளைத் தலையில் சுமந்தவருமான செயலாளர் அவர்களே! முடி உதிர்ந்தும் முறுவல் உதிராமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! மடியில் மருந்துப் பையும் மனத்தில் மாளாத பாரமுமாக வந்திருக்கும் தாய்மார்களே! பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைக்கப் பழகிக்கொண்ட கணவன்மார்களே! அண்ணன்களே, அக்காக்களே, தம்பிகளே, தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்த்தி வணக்கம் சொல்கிறேன்.

கைதட்டல் போதும். மிச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசி முடிக்கும்போது தட்ட மனம் வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

செயலாளர் என்னை அறிமுகம் செய்தபோது 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த விஞ்ஞானி' என்றார். அன்பு மிகுந்தால் நாக்கு அப்படித்தான் தாராளமாகும். நான் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. நான் மீன்குஞ்சுகளின் இதயத் துடிப்பை எண்ணுகிறவள். பதினோரு ஆண்டுகளாக அதுதான் என் வேலை. நாள் முழுவதும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துப் பார்த்து, வீட்டில் அரிசி பொறுக்கும்போதுகூட ஒரு கண் தானாக மூடிக்கொள்கிறது.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு ஒரு தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். 'இலையில் இருக்கிறது விடை!' பக்கத்திலேயே ஆச்சரியக்குறி. அந்தத் தலைப்பை நான் வைக்கவில்லை. பத்திரிகையில் எங்கள் ஆய்வைப் பற்றி நாலு வரி வந்ததைப் படித்துவிட்டு, நம்பிக்கையோடு நீங்கள் வைத்தது. அந்த நம்பிக்கையை இன்று நான்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. அதற்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னம்மா கேட்கிறீர்கள்? எந்த இலையா? சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலை ஊரில் அந்தச் செடி ஒன்றுகூட மிஞ்சாது. சிரிக்கிறீர்கள். ஆனால் உங்களில் எத்தனை பேர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தீர்கள் என்பதையும் நான் பார்த்தேன்.

முதலில் அந்த மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வரிக்குதிரை மீன் என்று அதற்குப் பெயர். விரல் நீளம்கூட இராது; உடம்பில் நீலக் கோடுகள்; கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்ப்பார்களே, அதே மீன்தான். மாலையில் ஆண் மீனுக்கும் பெண் மீனுக்கும் நடுவே ஒரு தடுப்பை வைத்துவிட்டுப் போவோம். காலையில் விளக்கைப் போட்டுத் தடுப்பை எடுத்தால் அரை மணியில் முட்டைகள் அடியில் உதிர்ந்து கிடக்கும். உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு குழிகள். குழிக்கு ஒரு முட்டை. சில குழிகளில் வெறும் தண்ணீர். சில குழிகளில் மருந்தைக் கரைக்கிற திரவம் மட்டும். மற்றவற்றில் இலையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், மேலும் கொஞ்சம் என்று ஏறுவரிசையில். மறுநாளே அந்த முட்டைக்குள் ஓர் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். குஞ்சின் உடம்பு கண்ணாடி போல இருப்பதால் அது துடிப்பது அப்படியே தெரியும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, கையில் கடிகாரத்தை வைத்து, எண்ண வேண்டியதுதான்.

எதற்காக இத்தனை பாடு? மனிதருக்குக் கொடுக்கும் முன், உயிருள்ள ஓர் உடம்பு இதைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ளத்தான். உங்களுக்கு வரக்கூடிய தீங்கு முதலில் அந்தக் குஞ்சுக்கு வருகிறது. அது வாய் திறந்து கத்தாது. காட்டத்தான் செய்யும். அதைக் கண்டு சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

'இலைதானே, பச்சிலைதானே, அது என்ன பண்ணிடப் போகுது' என்று நம் வீடுகளில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! இலை என்றால் இரக்கம் உள்ளது என்று யார் சொன்னது? வேர் என்றால் வினை செய்யாது என்று யார் சொன்னது? செடி ஏன் தன் இலைக்குள் கசப்பை வைக்கிறது, நமக்காகவா? தன்னைக் கடிக்க வரும் புழுவுக்காக! ஓடித் தப்பக் காலில்லாத உயிர் தன்னைக் காத்துக்கொள்ள வேறு என்ன செய்யும்? புழுவைக் கொல்லும் அதே பொருள்தான் கட்டியின் உயிரணுவையும் கொல்கிறது. கட்டியைக் கொல்லும் பொருள், போகிற வழியில் இதயத்தைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிப் போகுமா? கல்லீரலைக் கண்டால் கதவைத் தட்டி அனுமதி கேட்குமா?

நான் செடிகளுக்கு எதிரி இல்லை. உங்களில் பலர் கையில் ஏறும் ஊசி மருந்துகளிலேயே சில, ஏதோ ஒரு மரப்பட்டையிலிருந்தும் ஏதோ ஒரு பூச்செடியிலிருந்தும் வந்தவைதான். ஆனால் அவை எத்தனையோ ஆண்டுகள் அளந்து, எத்தனையோ உயிர்களில் சோதித்து, இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்று வரம்பு கட்டிய பிறகு வந்தவை. அந்த வரம்பைத் தேடுகிற இடத்தில்தான் நானும் என் மீனும் உட்கார்ந்திருக்கிறோம்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

என் அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறினால், கதவுக்கு வெளியே நின்று 'காத்து வருதுல்ல? அப்ப உயிர் போகாது, பேசாம உட்காருங்க' என்று அதட்டுவார். ஐம்பத்திரண்டு வயதில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? 'எத்தனை பேரை மேல ஏத்தி விட்டேன்! என்னை மேல அனுப்ப மட்டும் இவ்வளவு அவசரமா?' என்றார். அண்ணி கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

ஊசிகள் ஏறின. உடம்பு இறங்கியது. அந்த நாட்களில்தான் எங்கள் ஆய்வகத்தில் அந்த இலையின் பொருள் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்களைக் கொன்றது. கூட்டம் கூட்டமாகக் கொன்றது! எனக்கு வாய் நிற்குமா? அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் அண்ணன் வீட்டில் உளறிவிட்டேன். முடிவுகளை வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். சொன்னால் வேலை போகும். ஆனாலும் அண்ணனிடம்தானே என்று சொல்லிவிட்டேன்.

இரண்டே வாரத்தில் அண்ணன் அந்தச் செடியைக் கண்டுபிடித்துவிட்டார். லிஃப்ட் பார்க்கப் போன ஒரு கட்டடத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், ஒரு புதராக நின்றதாம். பறித்து வந்து, மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்துக் காயவைத்து, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அடைத்து வைத்துவிட்டார். நான் பதறிப் போனேன்.

'அண்ணா, தட்டுல இருக்கிற அணுவைக் கொன்னா மட்டும் மருந்து ஆயிடாது. பினாயிலை ஊத்தினாக்கூடத்தான் அது சாகும். மீனுக்குக் கொடுத்துப் பார்க்கணும். பொறுங்க.'

'சரி பாப்பா. உன் மீன் சரின்னு சொல்லட்டும், அப்புறம் குடிக்கிறேன். அதுவரைக்கும் டப்பாவைத் தொட மாட்டேன்.'

தொடவில்லை! என் அண்ணனை முட்டாள் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கண்ட இலையைக் கண்டபடி தின்றவர் அல்லர் அவர். காத்திருந்தார். தினமும் மத்தியானம் போன் வரும். 'என்ன பாப்பா, மீன் என்ன சொல்லுது?' 'இன்னும் வாயைத் திறக்கலண்ணா.' 'கேட்டுச் சொல்லு, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல.' வலியோடு ஒரு மனிதன் அறிவியலுக்காக இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை தட்டைப் போட்டேன். அந்தச் சோதனை வெள்ளிக்கிழமைதான் முடியும். நாலு நாள் பார்த்த பிறகே பேச வேண்டும். அது விதி. செவ்வாய் பார்த்தேன், இதயங்கள் துடித்தன. புதன் பார்த்தேன், எல்லாக் குழியிலும் குஞ்சுகள் முட்டைக்குள் சுருண்டபடி துள்ளின. ஒன்றுகூடச் சாகவில்லை. மருந்து அதிகமாக இருந்த குழியிலும் துள்ளின.

அன்று மத்தியானம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. மீனைப் பற்றி அவர் கேட்கவில்லை. காலையில் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது என்றார். கட்டி வளர்ந்திருக்கிறது என்றார். வாய் ஓயாத அந்த மனிதர் போனைக் காதில் வைத்தபடி சும்மா இருந்தார். நடைக்கூடத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டு, அந்த அமைதியைத் தாங்க மாட்டாமல் நான் சொன்னேன்.

'மீனுக்கு ஒண்ணும் ஆகலண்ணா. எல்லாம் நல்லா துள்ளுது.'

ஒரு நொடிதான். அந்தப் பக்கம் அவர் அடுக்களையைப் பார்த்துக் கத்தியது எனக்குக் கேட்டது. 'ஏய், அடுப்பைப் பத்த வை! என் தங்கச்சி சொல்லிட்டா!'

பெரியோர்களே, தாய்மார்களே! புதன்கிழமை அந்தக் குஞ்சுகள் ஏன் நன்றாக இருந்தன தெரியுமா? அவை இன்னும் முட்டையை விட்டு வெளியே வரவில்லை. முட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. எங்கள் மருந்தை அந்த உறை உள்ளே விடவில்லை. தாய் கொடுத்த கவசத்துக்குள் அவை பத்திரமாக இருந்தன. ஊசிமுனையால் உறையைக் கிழித்து எடுத்துவிட்டுச் சோதிக்கும் முறையும் உண்டு. முட்டை முட்டையாக உட்கார்ந்து கிழிக்கப் பொறுமை வேண்டும். நான் கிழிக்கவில்லை. உறைக்குள் இருந்த குஞ்சைப் பார்த்துவிட்டு, உறையே இல்லாத என் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதோடு போயிற்றா? நாங்கள் சோதித்தது பிரித்தெடுத்த ஒரே பொருள். அவர் காய்ச்சியது முழு இலை. அந்த டம்ளரில் அது எவ்வளவு இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வியாழக்கிழமை குஞ்சுகள் வெளியே வந்தன. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணை வைத்தேன். வெறும் தண்ணீர்க் குழிகளில் குஞ்சுகள் நீந்தின. மருந்துக் குழிகளில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. இதயத்தைச் சுற்றி நீர் கோத்து நெஞ்சு உப்பியிருந்தது. நிமிடத்துக்கு நூற்றைம்பது துடிக்க வேண்டிய இதயம் அறுபது துடித்தது. விட்டுவிட்டுத் துடித்தது. ஒரு குஞ்சு நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நின்றது.

உடனே என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள். ஆமாம் தாயே, போன். ஒரே ஒரு போன். எழுத்தறியாதவருக்கும் தெரிகிறது. பதினோரு ஆண்டு அனுபவம் உள்ள எனக்குத் தெரியவில்லை.

என் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கண்டிப்பான பெண்மணி, நேர்மையானவர். 'ஒரு தட்டை வச்சுக்கிட்டு ஊரைக் கூட்டாதே. தண்ணி கெட்டிருக்கலாம், அளவு தப்பியிருக்கலாம். திரும்பப் போடு. மூணு தட்டு ஒரே மாதிரி வரட்டும், அப்புறம் பேசலாம்' என்றார். அறிவியலில் அதுதான் முறை. அவர்மேல் குற்றமில்லை. என் அண்ணன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரண்டாம் தட்டைப் போட்டேன். அது புதன்கிழமை முடிந்தது. அதே உப்பல், அதே தளர்ச்சி. அன்றைக்கே மூன்றாம் தட்டைப் போட்டேன். நடுவில் ஒருநாள் அண்ணன் போன் செய்தார். 'பாப்பா, சாப்பாடு இறங்கல. குமட்டிக்கிட்டே இருக்கு. மருந்து உள்ள போய் வேலை பார்க்குது போல' என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பார்த்துட்டுத்தான் இருக்கேண்ணா' என்றேன். உண்மைதான், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்!

ஏன் வாய் திறக்கவில்லை? பயம்தான் காரணம். வேலை போகும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி, என் வாயால் கொடுத்த நம்பிக்கையை என் வாயாலேயே பிடுங்க வேண்டுமே என்ற பயம். மூன்றாம் தட்டாவது பொய்யாக வந்து தொலையாதா என்று காத்திருந்தேன். முதல் தட்டு பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே முதல் தட்டைத்தானே புதன்கிழமை முடியாத நிலையிலேயே நம்பினேன்? நல்ல செய்தியை அரைத் தட்டில் நம்பினேன். கெட்ட செய்திக்கு மூன்று தட்டுக் கேட்டேன். நல்லது என்றால் ஓடிப்போய்ச் சொன்னேன். கெட்டது என்றால் ஒழுங்குமுறை பேசினேன். என் குற்றம் அதுதான், வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் தட்டு ஞாயிற்றுக்கிழமை காலை முடிந்தது. ஆய்வகச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. பக்கத்தில் காலி டம்ளர்.

'அண்ணா, அதை நிறுத்துங்க. மீனுக்கு இதயம் கெட்டுப் போச்சு.'

என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'உன் மீன் கட்சி மாறிடுச்சா?' என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

தலைவர் மணியைத் தொடுகிறார். ஐயா, இன்னும் ஐந்தே நிமிடம். இதை நடுவில் விட்டால் இன்னொரு முறை தொடங்க எனக்குத் தைரியம் வராது. நன்றி ஐயா.

மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் குழாயை மார்பில் வைத்துக் கேட்டார், புருவம் சுருங்கியது. 'துடிப்பு சரியில்லையே. நாங்க கொடுக்கிறதைத் தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?' என்று கேட்டார். அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு மருத்துவரைப் பார்த்து, 'இல்ல சார், ஒண்ணும் இல்ல' என்றார்.

அவர் தனக்காகப் பொய் சொல்லவில்லை. தங்கச்சியின் வேலை போய்விடக் கூடாதே என்று சொன்னார். மூச்சு விட முடியாத நேரத்திலும் அதைத்தான் நினைத்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் மருத்துவரின் அறைக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, 'நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா' என்று மட்டும் சொன்னார். அந்த மருத்துவர்தான் இதோ மேடையில் அமர்ந்திருக்கிறார். அதற்கு மேல் செய்யக்கூடியதையெல்லாம் அவர் செய்தார். புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு என் அண்ணன் இறந்தார்.

இலைதான் கொன்றதா? அந்தக் கேள்வியை நான் இவரிடம் பத்து முறை கேட்டிருக்கிறேன். கட்டி முற்றியிருந்தது. ஊசி மருந்தும் இதயத்தை வருத்தக்கூடியதுதான். 'எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா' என்கிறார். இலை இல்லாவிட்டாலும் சில மாதங்கள்தான் இருந்திருப்பார் என்கிறார். அந்தச் சில மாதங்கள் யாருடையவை? என் அண்ணியுடையவை. நான் யார் அவற்றைச் செலவு செய்ய?

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணி அடுக்களையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அந்த பிஸ்கட் டப்பாவைக் குப்பைக் கூடையில் கவிழ்த்தார். திரும்பாமலே கேட்டார்.

'உனக்கு எந்தக் கிழமை தெரிஞ்சுது?'

'ஞாயித்துக்கிழமை வந்து சொன்னேனே அண்ணி.'

'சொன்ன கிழமையைக் கேக்கல. தெரிஞ்ச கிழமை.'

பொய் சொல்லியிருக்கலாம். 'அதுக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை, காலைல' என்றேன்.

அண்ணி விரல் விட்டு எண்ணினார். வெள்ளி சாயங்காலம் ஒன்று. சனி இரண்டு, ஞாயிறு இரண்டு. உதடு அசைந்தது. ஒவ்வொரு கிழமையாக எண்ணி, கடைசியில் அந்த ஞாயிறு காலைக்கு வந்து நின்றார்.

'பதினெட்டு டம்ளர். என் கையால காய்ச்சி, வடிகட்டி, ஆத்தி, பதினெட்டு டம்ளர் கொடுத்திருக்கேன். கசக்குதுன்னு முகத்தைச் சுளிச்சாரு. குடிங்க, உங்க தங்கச்சி சொல்லியிருக்கான்னு அதட்டிக் கொடுத்தேன். சந்தேகமா இருக்கு அண்ணி, ரெண்டு நாள் நிறுத்தி வைங்கன்னு ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே. நிச்சயமாத் தெரியணும்னு யாரு கேட்டா உன்னை?'

அவர் காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டார். 'மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வர்றப்ப சொல்றேன். நீ என்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது? குடிக்கிறவங்க நாலு பேர்கிட்டப் போய்ச் சொல்லு' என்றார். அதனால்தான் உங்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டேன். மேலதிகாரியிடமும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை நடக்கிறது. அடுத்த மாதம் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. அண்ணி இந்த அரங்குக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல் பக்கம் பார்க்காமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்பானவர்களே! என்னைப் போல ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நல்லதைச் சொல்ல நாலு நாள் பொறுங்கள். கெட்டதைச் சொல்ல நாலு நிமிடம்கூடப் பொறுக்காதீர்கள். நிச்சயம் என்பது தாளில் எழுதுவதற்கு வேண்டும். நிறுத்துங்கள் என்று சொல்லச் சந்தேகமே போதும்!

உங்களுக்கு என்ன சொல்வேன்? இலையை நம்பாதீர்கள் என்றா? வலிக்கிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை? எல்லாக் கதவும் மூடிக்கொண்டே வரும்போது எந்த இடுக்கில் வெளிச்சம் தெரிந்தாலும் கை போகத்தான் செய்யும். உங்கள் இலை உங்களைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொல்கிறேன். எனக்குத் தெரியாது, விற்றவருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மருத்துவருக்கு மட்டும் தெரியாமல் இருக்கக் கூடாது! அவர் கேட்கும்போது 'ஒண்ணும் இல்ல சார்' என்று சொல்லாதீர்கள். திட்டுவாரே என்று மறைக்காதீர்கள். கொடுத்தவர் மாட்டிக்கொள்வாரே என்று மறைக்காதீர்கள். உங்களைவிட எவர் வேலையும் பெரிதில்லை. என் வேலையும் பெரிதில்லை. அதை என் அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். மருத்துவரிடம் சொல்லாமல் ஏதோ ஓர் இலையோ, வேரோ, பொடியோ, யாரோ கொடுத்த புட்டியோ, வீட்டில் குடித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த அரங்கில் உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள்.

பொறுத்திருக்கிறேன்.

ஆமாம் அம்மா, நன்றி. அங்கே தூணோரம் ஒரு கை. முன்வரிசையில் இரண்டு. ஐயா, நீங்களுமா? மெதுவாக, அவசரமே இல்லை. அதோ ஏழு, எட்டு. அந்தப் பக்கம் முழு வரிசையே தூக்குகிறது. மருத்துவர் அவர்களே, நீங்கள் குனிந்து பார்க்காதீர்கள், நிமிர்ந்து பாருங்கள். இவர்கள் எல்லோரும் உங்களிடம் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்னவர்கள்.

நீலச் சட்டை போட்ட ஐயா, கையைப் பாதியில் இறக்கிவிட்டீர்களே. பக்கத்தில் இருக்கும் அம்மா உங்களை அப்படிப் பார்க்கிறார். அவருக்கே தெரியாதா? பரவாயில்லை ஐயா. அழட்டும், திட்டட்டும், வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பேசாமல்கூட இருக்கட்டும். திட்டுவதற்கு நீங்கள் எதிரில் இருக்கிறீர்களே, அது போதும். கையைத் தூக்குங்கள். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.

மருத்துவர் தன் நாற்காலியை மேடைக்குக் கீழே போடச் சொல்கிறார். விளக்கு அணையும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாராம். இன்னும் சொல்லாதவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லுங்கள். இன்று எனக்குக் கைதட்ட வேண்டாம். தூக்கிய கைகளை நான் கும்பிடுகிறேன். இத்தனை நேரம் பொறுமையோடு கேட்டதற்கு நன்றி சொல்லி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, இறங்கிக்கொள்கிறேன். முதலில் நீங்கள் வாருங்கள் ஐயா, நீலச் சட்டைக்காரர். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.